கடற்கரைக் காவலும் கலாநிதிப் பட்டமும்

"பட்டம் பெற்றாயிற்று, இனி என்ன படிப்பது?" என்னும் வினா இன்று நம் மாவட்டத்துப் பல இல்லங்களில் எழுகின்றது. பெற்றோர் கேட்கின்றனர், பிள்ளைகளும் கேட்கின்றனர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நம்மைத் தெருவிற் கண்டு நிறுத்திக் கேட்போரும் உளர். முகாமைத்துவம், கணினி, கல்வியியல் என்று வழக்கமான விடைகள் சில உண்டு. அவை நல்ல விடைகளே. ஆயினும் இவ்வாரம் வழக்கத்துக்கு மாறான விடை ஒன்றைக் கூற விரும்புகின்றோம்.

கடலில் நீராடுவோரின் உயிரைக் காப்பது எப்படி, நீரில் மூழ்கி மாள்வோரின் தொகையைக் குறைப்பது எப்படி என்பது இன்று முதுமாணிப் பட்டத்துக்கும் கலாநிதிப் பட்டத்துக்கும் உரிய ஆராய்ச்சித் துறையாக வளர்ந்திருக்கின்றது. திருகோணமலையிற் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இதனினும் அண்மையிலுள்ள துறை வேறொன்று இருக்குமென்று நாம் நினைக்கவில்லை.

"நீச்சல் பழகுவதற்கும் ஒரு பட்டமா?" என்று நகைப்போர் இருக்கலாம். நகைப்பதன் முன் சற்றே பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகின்றோம்.

எண்ணிப் பார்க்க வேண்டிய தொகை

உலகச் சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். இவர்களுள் ஏறக்குறைய நாலிலொரு பங்கினர் ஐந்து வயதை எட்டாத குழந்தைகள். நூற்றுக்கு 92 பேர் வறிய நாடுகளையும் நடுத்தர வருமானமுள்ள நாடுகளையும் சேர்ந்தவர்கள். போரினால் இறந்தோர் தொகையைச் செய்தித்தாள்கள் தலைப்பில் இடுகின்றன. நீரினால் இறந்தோரோ ஒருவர் இருவராக, உள்பக்கத்தின் மூலையில் நாலு வரியாக முடிந்துவிடுகின்றனர். ஆதலால் இத்தொகையின் பெருமை நம் கண்ணுக்குப் புலனாவதில்லை.

நம் மாவட்டத்தையே நோக்குவோம். வடக்கே புல்மோட்டையிலிருந்து தெற்கே வெருகல் வரை கடல். நடுவே உலகம் புகழும் இயற்கைத் துறைமுகம். அதன் தெற்கே கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை மலைநாட்டிலே பிறந்து நாடெல்லாம் சுற்றி மூதூருக்கு அருகே கடலோடு கலக்கின்றது. கிண்ணியாவைச் சூழ நீர், கந்தளாயிலே குளம், வீட்டு வளவிலே கிணறு. எத்திசை திரும்பினும் நீர் நிற்கும் மாவட்டம் இது.

அந்நீர் எடுத்த விலையும் சிறிதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையை இங்கு யாரும் மறக்கமாட்டார். இலங்கை முழுவதிலும் 30,000 பேருக்கு மேல் அன்று மாண்டனர். கிழக்குக் கரையிலே பின்னர் நடந்த ஆய்வுகளில் ஆண்களிலும் பெண்களும் சிறுவருமே கூடுதலாக இறந்தனர் என்பது தெரியவந்தது. 2021 நவம்பர் 23ஆம் நாள் காலை, கிண்ணியாவைச் சேர்ந்த குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டு வந்த காலத்தில் மாற்றாக ஓடிய படகுப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் சென்ற சிறுவர் உட்படக் குறைந்தது ஆறு உயிர்கள் போயின. ஆழிப்பேரலை அளவிறந்த இயற்கைச் சீற்றம்; குறிஞ்சாக்கேணியோ கூப்பிடு தூரத்துக் குறுகிய நீர்ப்பரப்பு. இரண்டிலும் சென்றது நம்மவர் உயிரே.

விதி என்று விட்டுவிடலாமா?

இத்தகைய மரணங்களைக் கேட்டவுடன் "விதி" என்கின்றோம். "கடல் காவு கொண்டுவிட்டது" என்கின்றோம். துயருற்ற நெஞ்சுக்கு அச்சொற்கள் ஆறுதல் அளிக்கலாம். அதனை நாம் இகழவில்லை. எனினும், அடுத்த உயிரை அச்சொல் காக்காது.

மலேரியாக் காய்ச்சலையும் நம் முன்னோர் விதியென்றே எண்ணி வாழ்ந்தனர். எங்கே, எப்போது, எவருக்கு நோய் வருகின்றது என்று சிலர் அலுக்காமல் எண்ணினர். நுளம்பின் வாழ்வை ஆராய்ந்தனர். 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா ஒழிந்த நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்று வழங்கிற்று. எண்ணப்பட்ட பின்னரே விதி நோயாயிற்று. ஆராயப்பட்ட பின்னரே நோய் நீங்கிற்று. நீரில் மூழ்கும் மரணமும் இவ்வழியிலேயே குறைக்கப்பட வேண்டியதொன்றாம்.

இதனை உலகுக்கு எடுத்துக் காட்டியது ஒரு செல்வந்த நாடன்று. நம் அயலிலுள்ள பங்களாதேசமே. குழந்தைகள் பெரும்பாலும் வயிற்றோட்டத்தாலும் காய்ச்சலாலும் இறப்பதாகவே அங்கும் எண்ணப்பட்டது. 2003ஆம் ஆண்டில் 8 இலட்சம் மக்களுக்கு மேற்பட்டோரின் இல்லங்களுக்குச் சென்று விசாரித்தபோதுதான், ஒரு வயதைக் கடந்த பிள்ளைகளைக் கொல்லும் காரணங்களுள் நீரில் மூழ்குதலே முதலிடம் பெறுவதை அறிந்தனர். மூழ்கிய குழந்தை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படுவதில்லை; ஆகவே வைத்தியசாலைக் கணக்கில் அதற்கு இடமில்லை. ஆராய்ச்சியாளர் வீட்டு வாசலுக்குச் சென்றமையால் உண்மை வெளிப்பட்டது.

அதன்பின் அவர்கள் செய்தவை மிக எளியவை. தாய்மார் வீட்டுவேலையில் மூழ்கியிருக்கும் முற்பகல் வேளையில் ஊர்ப் பெண் ஒருவர் சிறு குழந்தைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தனர். அதற்கு 'ஆஞ்சல்' என்று பெயரிட்டனர். வங்காள மொழியில் அச்சொல் சேலைத் தலைப்பைக் குறிக்கும். சற்று வளர்ந்த சிறுவருக்கு ஊர்க் குளத்திலேயே மூங்கிற் பரண் அமைத்து நீச்சல் பயிற்றினர். 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு முடிவு வியப்புக்குரியது. குழந்தைக் காப்பகத்திற் சேர்ந்த பிள்ளைகளிடையே மூழ்கி இறத்தல் நூற்றுக்கு 80 பங்குக்கு மேலும், நீச்சல் பயின்றோரிடையே 90 பங்குக்கு மேலும் குறைந்திருந்தது. சேலைத் தலைப்பும் மூங்கிற் கழியும் உயிர் காத்தன. ஆனால் அவை காக்கின்றன என்பதை மெய்ப்பித்தது ஆராய்ச்சி.

பங்களாதேசமும் அயர்லாந்தும் முன்மொழிய, 2021 ஏப்ரல் 28ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தால் ஆண்டுதோறும் ஜூலை 25ஆம் நாள் உலக மூழ்குதல் தடுப்பு நாளாயிற்று.

அமைதியான நீரின் வஞ்சகம்

இனிக் கடற்கரைக்கு வருவோம். அலை அடித்துக் கரையேறும் நீர் எவ்வழியாலோ மீண்டும் கடலுக்குச் செல்ல வேண்டுமன்றோ? மணற்றிட்டுகளுக்கு இடையே ஆழமான ஒரு வாய்க்கால் இருப்பின், அதன் வழியாக அந்நீர் ஒன்றுதிரண்டு கடலை நோக்கி விரையும். இதனை நாம் இங்கு இழுநீரோட்டம் என்போம். இது மனிதனை அடியாழத்துக்கு இழுப்பதில்லை. கரையிலிருந்து அப்பால் கொண்டுசெல்கின்றது. கரையை நோக்கி எதிர்த்து நீந்துபவர் களைத்துப் போய் மூழ்குகின்றார்.

இதிலுள்ள வஞ்சகம் யாதெனில், அவ்விடத்தில் அலை உடைவது குறைவு. இரு புறமும் வெண்ணுரை பொங்க, நடுவே நீர் கருமையாய் அமைதியாய்க் காட்சியளிக்கும். கடலை அறியாத குடும்பத்தினர் "இங்கேதான் அலையில்லை, பிள்ளைகளை இறக்கலாம்" என்று தேர்ந்தெடுப்பது சரியாக அந்த இடத்தையே!

அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் ஷெப்பேட் 1936ஆம் ஆண்டில் இந்நீரோட்டத்துக்கு ஏற்ற பெயரை வழங்கித் தெளிவுபடுத்தினார். நெடுங்காலம் இது மனிதரை ஆழ்கடலுக்கே கொண்டுசெல்லும் எனக் கருதப்பட்டது. 2010ஆம் ஆண்டளவில் ஜேமி மக்மஹனும் அவருடைய கூட்டாளிகளும் செய்மதியால் இடமறியும் மிதவைகளை நீரில் விட்டுத் தொடர்ந்தபோது, அவை பெரும்பாலும் அலையுடையும் எல்லைக்குள்ளேயே வட்டமிட்டுத் திரும்பி வருவதைக் கண்டனர். எல்லாக் கரைகளிலும் அவ்வாறே நிகழ்வதில்லை என்பதைப் பின்வந்தோர் காட்டினர். ஆகவே இன்று கூறப்படும் அறிவுரை இது: பதற்றமடையாது மிதந்திருக்க வேண்டும், கையை உயர்த்தி உதவி கோர வேண்டும், இயன்றவர் கரைக்கு எதிராக அன்றிப் பக்கவாட்டில், அலை உடையும் இடத்தை நோக்கி நகர வேண்டும். ஓர் அறிவுரையின் பின்னே எத்தனை ஆண்டு ஆய்வு நிற்கின்றது பாருங்கள்.

ஆராய்ச்சி என்றவுடன் கருவிகளும் கணக்குகளுமே என்று எண்ண வேண்டா. நியூயோர்க் நகரத்துக் கடற்கரையில் உயிர்காப்பாளராய் இருந்த பிராங் பியா என்பவர், மூழ்குவோரைப் படமெடுத்து உற்றுநோக்கினார். மூழ்குபவர் கதைகளில் வருவதுபோலக் கத்திக் கையசைப்பதில்லை. மூச்சுக்கே போராடும் அவருக்குக் குரலெழுப்பச் சக்தியில்லை. பெரும்பாலும் ஓசையின்றியே அமிழ்ந்துவிடுகின்றார் என்பதை 1970களில் அவர் எடுத்துரைத்தார். பின்னர் அவர் கலாநிதிப் பட்டமும் பெற்றவர். அவர் கண்டதன் பயனை ஒவ்வொரு பெற்றோரும் கைக்கொள்ளலாம்: கூச்சல் கேட்கவில்லையே என்று வாளாவிருத்தல் ஆகாது, பிள்ளை நீரில் நிற்கும்வரை கண்ணை எடுத்தல் ஆகாது.

இன்னுமோர் உண்மையும் இத்துறையினரால் நிறுவப்பட்டது. மூழ்குபவரைக் காக்கப் பாய்ந்த தந்தையும் தமையனுமே இறந்துபோகும் நிகழ்ச்சிகள் பல. முதலில் எறியக்கூடியதை எறிய வேண்டும். கயிறோ, மூடிய வெற்றுக் கலனோ, மரக்கட்டையோ ஏதேனும் ஒன்று கைக்கு எட்டச் செய்தலே பயிற்சியில்லாதவர் செய்யத்தக்க உதவி.

எங்கே படிக்கலாம்?

அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கடற்கரைப் பாதுகாப்புக்கெனவே ஓர் ஆராய்ச்சிக் குழு இயங்குகின்றது. கரையோரப் புவியியல் அறிஞரான ரொப் பிராண்டரும், பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த ஏமி பீடனும் அதன் முதன்மையானோர். பிராண்டர் கடலிலே வண்ணச் சாயத்தைக் கரைத்து, நீரோட்டம் செல்லும் வழியைப் பொதுமக்கள் கண்ணாரக் காணச் செய்தவர். புவியியலும் சுகாதாரமும் ஒரே குழுவில் இணைந்திருப்பதை மாணவர் கவனிக்க வேண்டும். இங்கிலாந்திலே பிளிமத் பல்கலைக்கழகத்தினர், 1824ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அந்நாட்டு உயிர்காப்புப் படகு நிறுவனத்தோடு சேர்ந்து இழுநீரோட்டத்தை ஆராய்ந்துள்ளனர். பொதுநலவாயப் புலமைப்பரிசிலும், அந்தந்தப் பல்கலைக்கழகம் வழங்கும் ஆராய்ச்சிப் புலமைப்பரிசிலும் தகுதியுடையார்க்குக் கைகொடுக்கும்.

கடல் கடந்துதான் படிக்க வேண்டுமென்பதில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வழியிலே கோணேசபுரியில் இருக்கின்றது. பிரயோக விஞ்ஞானமும் தொடர்பாடலும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. பேராதனையிலே விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் உண்டு. றுகுணுப் பல்கலைக்கழகத்திலே மீன்பிடி, கடல் விஞ்ஞானங்களுக்கெனத் தனிப்பீடம் உண்டு. கரையோரப் பொறியியலுக்கு மொறட்டுவை. மருத்துவர்க்குச் சமுதாய மருத்துவம் பயிலக் கொழும்பிலுள்ள மருத்துவப் பட்டப்பின்படிப்பு நிறுவகம். இவற்றுள் எதிலும் "கடற்கரைப் பாதுகாப்பு" என்று பெயர்ப்பலகை தொங்காது. தக்க வினாவொன்றை மாணவரே கொண்டுசென்று, அதனை வழிநடத்த இசையும் பேராசிரியரைத் தேடிக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சிப் பட்டத்தின் இயல்பே அதுதான்.

நம் வாசலிலே நிற்கும் வினாக்கள்

அவ்வினாக்களுக்கு இங்கே பஞ்சமில்லை. சிலவற்றைச் சுட்டுவோம்.

ஒன்று: அவுஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் வற்றுப்பெருக்கு மிகுதி, நீர்மட்டம் ஏறி இறங்குவதைப் பொறுத்து இழுநீரோட்டமும் மாறுகின்றது. இலங்கைக் கரையிலோ வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. இங்கு காற்றும் அலையுமே தலைமை வகிப்பன. வாடைக்காலத்திற் கொந்தளிக்கும் கிழக்குக் கடல், மே முதல் செப்டெம்பர் வரை பெரும்பாலும் அமைதியுறுகின்றது. ஆகவே பிறநாட்டு முடிவுகளை அப்படியே இங்கு பொருத்த இயலாது. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் குச்சவெளிக்கும் உரிய கடலை நிலாவெளியிலும் உப்புவெளியிலும் குச்சவெளியிலும் நின்றே அறிய வேண்டும். பௌதிகமும் கணிதமும் புவியியலும் கற்றோர்க்கு இது உரியது.

இரண்டு: அறிவிப்புப் பலகை. அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்தில் கடற்கரைக்கு வந்தோரை வினவியபோது, பாதிக்கும் குறைவானோரே அங்கிருந்த பலகையைக் கண்டதாகக் கூறினர் என்று 2014ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நம் கரைக்கு ஏப்ரல், ஆகஸ்ட் விடுமுறைகளில் உள்நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன, வெளிநாட்டாரும் வருகின்றனர். எம்மொழியில், எச்சொல்லால், எச்சித்திரத்தால் எழுதினால் அவர்கள் நின்று படிப்பர்? மொழியும் தொடர்பாடலும் பயின்றோர் இதனை ஆராயலாம்.

மூன்று: பெண்களும் நீச்சலும். கடற்கரை ஊரிற் பிறந்த மகன் நீந்துகின்றான். மகள் கரையில் நிற்கின்றாள். நாணத்துக்கும் உடைக்கும் மதிப்பளித்து, பெண் பயிற்றுநரைக் கொண்டு, தமிழ், முஸ்லிம், சிங்களச் சிறுமியர்க்கு நீச்சல் பயிற்றுவது எவ்வாறு? 2004ஆம் ஆண்டின் பாடத்துக்குப் பின்னும் இவ்வினாவைத் தள்ளிவைத்தல் முறையன்று.

நான்கு: படகும் துறையும். ஏற்றத்தக்கோர் தொகை, மிதவை அங்கி, உதவி வந்துசேரும் நேரம் ஆகியவற்றைத் துறைதோறும் அளந்து எழுதினால், அது சட்டம் இயற்றுவோர்க்கும் சான்றாகும்.

ஐந்து: மீனவர் அறிவு. கரைவலை இழுப்போர் எந்தக் காற்றுக்கு எந்த இடத்தில் நீர் இழுக்கும் என்பதை ஆண்டுக்கணக்கிற் கண்டறிந்தவர்கள். அதற்கென அவர்களிடம் சொற்கள் இருக்கும். முதியோர் மறையுமுன் அச்சொற்களைத் தொகுத்து, கருவிகள் காட்டுவதோடு ஒப்பிடுவது தமிழுக்கும் தொண்டு, விஞ்ஞானத்துக்கும் தொண்டு.

ஆறு: ஆடி அமாவாசை முதலிய நாள்களிற் பெருங்கூட்டமாய்க் கடலில் தீர்த்தமாடுவோரின் பாதுகாப்பு. குறுகிய நேரத்தில், ஆடையோடு, முதியோரும் சிறுவரும் ஒருங்கே நீரில் இறங்கும் இந்நிலை சிட்னியில் இல்லை. இதனை ஆராய வேண்டியவர் நாமே.

எப்படித் தொடங்குவது?

முதலில் ஒரு குறிப்பேடு வேண்டும். பழைய செய்தித்தாள்களைப் புரட்டி, மாவட்டத்தில் நிகழ்ந்த மூழ்குதல் மரணங்களைத் தொகுத்துக்கொள்க: நாள், நேரம், இடம், வயது, உள்ளூரா வெளியூரா, கடலா குளமா கிணறா, உடன் இருந்தோர் எவர். இறந்தோரின் பெயர் நமக்கு வேண்டா, சூழ்நிலையே வேண்டும். இவ்வாறு ஐம்பது நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தினால், அவற்றினுள்ளே மறைந்திருக்கும் ஒழுங்கு தானே தலைகாட்டும். அதுவே ஆராய்ச்சி வினாவின் கரு. பின்னர்த் தக்க அனுமதி பெற்று, திடீர் மரண விசாரணை அதிகாரிகளின் பதிவுகளையும் வைத்தியசாலைப் பதிவுகளையும் ஒப்பிடலாம். துயருற்ற குடும்பத்தை அணுகும்போது கல்வியினும் கண்ணியம் முன்னிற்க வேண்டும்.

அடுத்து, நான்கு பக்கத்துக்கு மேற்படாத ஆய்வு முன்மொழிவு. எதை அறிய விழைகின்றோம், ஏன், எவ்வழியால், எவ்வளவு காலத்தில் என்பவற்றைத் தெளிவாக எழுதி, பேராசிரியர்க்கு அனுப்ப வேண்டும். முதல் மடலுக்கு விடை வாராவிடின் மனந்தளராது மீண்டும் எழுதுக. ஆங்கில அறிவையும் புள்ளிவிவரவியலையும் இப்போதே வளர்த்துக்கொள்க. கூடுமாயின், இலங்கை உயிர்காப்புச் சங்கத்தின் பயிற்சியையும் பெறுக. நீரில் இறங்கத் தெரியாதவர் நீரைப் பற்றி எழுதுவது, அடுப்பங்கரை காணாதவர் சமையல் நூல் எழுதுவதை ஒக்கும்.

"இதனால் உத்தியோகம் கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. இப்பெயரில் உத்தியோகங்கள் நிரம்ப உள்ளன என்று ஆசைகாட்ட மாட்டோம். ஆனால் இந்த ஆராய்ச்சியாற் பெறும் பயிற்சி, பல்கலைக்கழகம், அனர்த்த முகாமைத்துவம், சுகாதாரம், உல்லாசப் பயணம், கரையோரப் பாதுகாப்பு ஆகிய பல துறைகளுக்கும் ஏற்றது. ஆசிரியராயிருந்துகொண்டே பகுதிநேரமாகச் செய்யவும் கூடியது. நாட்டிலே இத்துறை வல்லுநர் மிகச் சிலரே. முன்வருபவர்க்கு முன்னிடம் உண்டு.

ஆகவே, உங்கள் மகனோ மகளோ ஒருநாள் வந்து, "கடற்கரையிலே மக்கள் ஏன் மூழ்குகின்றனர் என்று ஆராயப் போகின்றேன்" என்று கூறினால், "இதுவும் ஒரு படிப்பா?" என்று தடுத்துவிடாதீர்கள். எந்தக் காற்றில், எந்தக் கரையில், எவர் என்று கேட்டுப் பாருங்கள். விடை தெரியாதென்று பிள்ளை கூறினால், ஆராய்ச்சி தொடங்கிவிட்டதென்று கொள்ளுங்கள்.